யோகாம்பாள் லீவில் இருக்கிறாள்

களப்போரத்துப் பெரியாஸ்பத்திரியில் சாவதற்கு அனுமதி இல்லை. காய்ச்சலுக்கு அனுமதி உண்டு, வயிற்றோட்டத்துக்கு உண்டு, மூட்டைப்பூச்சிக்குத் தாராளமாக உண்டு. சாவுக்கு மட்டும் கிடையாது. எந்த ஊர் ஆஸ்பத்திரி, என்ன பெயர் என்று கேட்காதீர்கள். பெயரால் வந்த வினைதான் இந்தக் கதை முழுவதும். அதில் இன்னொரு பெயரையும் கொண்டுவந்து செருகுவானேன்?

அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் வைத்திய அத்தியட்சகர் டொக்டர் கனகசுந்தரம். வடக்கில் சண்டை மூண்டு, புத்தளம் பக்கத்துத் தெருவெல்லாம் மணல் மூட்டையும் முள்ளுக்கம்பியுமாகக் கிடந்த தொண்ணூறுகளில் அவர் மாற்றலாகி வந்தார். வந்த கிழமையே ஊழியர்களைக் கூட்டிவைத்துப் பேசினார்.

"நோயாளி இறப்பது இயற்கை. இயற்கையோடு எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குள் இறப்பது நிர்வாகச் சீர்கேடு. என் நிர்வாகத்தில் சீர்கேட்டுக்கு இடமில்லை."

எல்லாரும் கை தட்டினார்கள். சவச்சாலைக் காவலாளி யாகப்பு மட்டும், தன் வேலைக்கு உலை வைக்கிறாரே மனிதர் என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

பெரியவர்களின் வாட்டில் இந்தச் சட்டம் எப்படியோ ஓடியது. மோசமாகிப் போகிறவர்களை அம்புலன்சில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பிவிடுவார்கள். சாவு வழியில் எந்த மாவட்டத்தில் இறங்குகிறதோ அது அந்த மாவட்டத்தின் பாடு. தலையிடி சிறுவர் வாட்டில்தான். அங்கே தீராத வருத்தக்காரப் பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். மாதா மாதம் வருவார்கள், கிடப்பார்கள், போவார்கள், திரும்பவும் வருவார்கள். எப்போது என்ன நடக்கும் என்று சொல்ல முடியாத பிள்ளைகள். அவர்களுக்காகவே டொக்டர் கனகசுந்தரம் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தார்.

நம்முடைய நாட்டில் நோயாளியைச் சுகமாக்கி வீட்டுக்கு அனுப்புவதைத் துண்டு வெட்டுவது என்பார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு இனிமேல் துண்டு வெட்டுவதில்லை என்று அவர் முடிவு செய்தார். வீட்டுக்குப் போகலாம், ஆனால் லீவில் போக வேண்டும். லீவில் போன பிள்ளையின் கட்டில் நிரம்பிய கட்டில். லீவில் எது நடந்தாலும் அது குடும்ப விவகாரம். இப்படியாக வாட்டு எப்போதும் நிறைந்திருந்தது, சாவு ஒன்றும் இல்லை, வருடா வருடம் மாகாணத்தில் இருந்து ஒரு வெள்ளிக் கேடயம் வந்தது. கேடயங்களை வைக்க இடமில்லாதபடியால் விளையாட்டு அறை அலுமாரியில் இருந்த பொம்மைகளை எடுத்து எங்கேயோ கட்டிப் போட்டுவிட்டு, அதில் கேடயங்களை அடுக்கி அறையைப் பூட்டினார்கள். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக் கேடயங்களைப் பார்த்து விளையாடலாம் என்று அனுமதி இருந்தது.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி கமறியா. பள்ளிவாசல்துறையில் கடலுக்குப் போகிற ஹயாத்து முகம்மதுவின் மகள், ஒன்பது வயது. அவளுடைய உடம்பில் ரெத்தம் தானாக ஊறாது. மாதம் ஒருமுறை யாரோ ஒரு புண்ணியவானின் ரெத்தத்தை ஏற்ற வேண்டும். ஏற்றப் பிந்தினால் பிள்ளை பழுத்த பலாவிலை மாதிரி மஞ்சளாகி, வாசலுக்கும் கிணற்றுக்கும் நடப்பதற்குள் மூச்சு வாங்கிக் குந்திவிடுவாள். "எப்ப டொக்டர் இவளுக்குச் சொந்தமா ஊறும்?" என்று அவளுடைய உம்மா பளீலா ஒருமுறை கேட்டாள். இளம் டொக்டர் பெண் பிள்ளை நல்லவள். பொய் சொல்லத் தெரியவில்லை. "ஊறாது அம்மா. ஏத்துற வரைக்கும் இருப்பா" என்றாள். அதற்குப் பிறகு பளீலா யாரிடமும் எதையும் கேட்கவில்லை. மாதம் முடியும்போது பையில் சாரமும் பாணும் பிள்ளையின் தலையணையும் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவாள், அவ்வளவுதான்.

கமறியா ஆஸ்பத்திரிப் படிப்பில் தேறியிருந்தாள். நாலு வயதில் ஊசியைக் கண்டு கட்டிலுக்கு அடியில் ஒளித்தவள், இப்போது ஊசி குத்த வருகிற புது மிஸ்மாருக்குத் தைரியம் சொன்னாள். "பயப்படாதீங்க மிஸ். இடது கை நரம்பு கள்ள நரம்பு, ஓடும். வலது கையில குத்துங்க. முதல்ல சுடுதண்ணிப் போத்தல வையுங்க." அடுத்த கட்டில் உடப்பு ஊர்ப் பிள்ளை யோகாம்பாள். அவளுக்கும் அதே வருத்தம், அதே ரெத்த வகை, அதே வயது. இரண்டு பேருமாகப் புதிதாக வந்து அழுகிற பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பார்கள்: எந்த மிஸ்ஸின் கை மெத்தென்றது, மருந்தை எப்படி நாக்குக்குப் பின்னால் தள்ளி விழுங்குவது, எந்த நேரம் அழுதால் ஆட்கள் வருவார்கள், எந்த நேரம் அழுவது வீண். பின்னேரங்களில் ரவுண்ட் விளையாட்டு நடக்கும். ஒரு பிள்ளை அத்தியட்சகர். அது கட்டிலின் கால்மாட்டை மட்டும் பார்த்து, "முன்னேற்றம் திருப்தி" என்று சொல்லிக்கொண்டு போக வேண்டும். நோயாளியின் முகத்தைப் பார்த்தால் அவுட்.

இவற்றையெல்லாம் விட அவர்களிடம் ஒரு பெரிய சட்டம் இருந்தது. காலையில் வாட்டுத் தாதி றோசமேரி மிஸ் வாசலில் நின்று பெயர் கூப்பிடுவாள். "இருக்கிறன் மிஸ்" என்று ஒவ்வொரு பிள்ளையும் சொல்ல வேண்டும். லீவில் போன பிள்ளைகளின் பெயரையும் கூப்பிட்டாக வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. கூப்பிட்ட பெயருக்குப் பதில் வராவிட்டால் அந்தப் பிள்ளை இனித் திரும்பி வராது என்று பிள்ளைகளுக்குள் ஒரு பயம் எப்படியோ ஊறிவிட்டது. ஆகவே லீவில் போகிற பிள்ளை தன் குரலைப் பக்கத்துக் கட்டிலிடம் கொடுத்துவிட்டுப் போகும். தன் தொண்டைக்குழியில் விரலை வைத்து, பிறகு அந்த விரலை மற்றவளின் தொண்டைக்குழியில் வைக்க வேண்டும். திரும்பி வந்ததும் அதே மாதிரித் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். கமறியா லீவில் போனால் யோகாம்பாள், "லீவில இரிக்கன் மிஸ்" என்று பள்ளிவாசல்துறைக் குரலில் சொல்வாள். யோகாம்பாள் போனால் கமறியா உடப்புக் குரலில், கொஞ்சம் மூக்கால், "லீவில இருக்கிறன் மிஸ்" என்பாள். கண்ணை மூடிக் கேட்டால் ஆள் மாறாட்டம் தெரியாது.

பளீலாவும் யோகாம்பாளின் தாய் செல்லாச்சியும் அதே வாட்டின் விறாந்தையில் ஒரே பாயை விரித்துப் படுத்த கூட்டாளிகள். "எடியே பளீலா, உன்ட மகள் என்ட மகளப் போலக் கதைக்கிறாள், எனக்கே பயமா இருக்கு" என்று செல்லாச்சி சிரிப்பாள். "பயம் என்னத்துக்கு? ஒண்டுக்கு ரெண்டா வச்சுக்கோங்க" என்பாள் பளீலா. என்ன வாய் முகூர்த்தமோ, அந்தப் பேச்சுப் பலித்துவிட்டது.

ஒரு ஆனி மாதம் லீவு முடிந்து வாட்டுக்குத் திரும்பும் வழியில், சென்றிப் பொயிண்டில் யோகாம்பாள் செத்துப்போனாள். பஸ்ஸை மறித்துத் தமிழ் ஆட்களை இறக்கி, ஒரு பூவரச மரத்துக்கு அப்பால் வெயிலில் வரிசையில் விட்டிருந்தார்கள். செல்லாச்சியின் பொலிஸ் பதிவைப் பார்த்த ஆமிக்காரன் அதைப் பெரியவனிடம் கேட்கப் போனான். பெரியவன் சாப்பிடப் போயிருந்தான். ரெத்தம் வற்றிய பிள்ளை தாயின் இடுப்பில் சாய்ந்தபடியே நின்றது. வரிசை நகர்ந்தபோது அது நகரவில்லை.

பளீலாவுக்கு இந்தச் செய்தியைச் சொன்னவர் கருவாடு எடுக்க வருகிற உடப்புத் தில்லையம்பலம். கேட்டவுடன் கடற்கரை மணலில் குந்தித் தலையில் கையை வைத்தவளுக்கு எழும்ப நேரமெடுத்தது. செத்த வீட்டுக்கு அவள் போகவில்லை. ஒரு வரி எழுதியும் அனுப்பவில்லை. எந்த முகத்தோடு போவது? தன்னுடைய பிள்ளை உயிரோடு இருக்கிற முகத்தோடா? கமறியாவிடமும் அவள் மூச்சு விடவில்லை.

றோசமேரி மிஸ் இதை அத்தியட்சகரிடம் கொண்டுபோனாள்.

"சேர், யோகாம்பாள் மோசம் போயிட்டுது."

"எங்கே?"

"வாற வழியில, சென்றியில."

"லீவு நேரத்திலா?"

"ஓம் சேர்."

"அப்படியானால் அது நமக்குத் தெரியாது. துண்டு வெட்டாத பிள்ளை வாட்டில் இருக்கிற பிள்ளை. இறந்தது உண்மையென்றால் நேரில் வந்து முறைப்படி துண்டை வெட்டிக்கொண்டு போகட்டும். நான் தடுக்கவில்லையே!"

றோசமேரி மிஸ் தலவிலப் பக்கத்துப் பெண். சிலுவை போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். மறுநாள் காலை யோகாம்பாளின் பெயரைக் கூப்பிட்டாள். "லீவில இருக்கிறன் மிஸ்" என்று மூக்கால் ஒரு குரல் வந்தது. ரெத்தம் ஏற்ற வந்து படுத்திருந்த கமறியாதான். மிஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

பிறகு வடக்கில் பெரிய சண்டை தொடங்கியது. ஆஸ்பத்திரிகளில் இருந்த ரெத்தமெல்லாம் ஐஸ் பெட்டிகளில் ஏறி வடக்கே போனது. அடுத்த முறை பளீலா வந்தபோது கமறியாவைத் தூக்கிக்கொண்டுதான் வந்தாள். பிள்ளையின் உதடு சுண்ணாம்பு நிறம்.

"ரெத்தம் இல்ல பளீலா" என்றாள் றோசமேரி மிஸ். "ஒரே ஒரு பை இருக்கு. அது ஐக்கியத்துக்கு எடுத்து வச்சது."

"அந்தப் பிள்ளைக்கு என்ன வருத்தம் மிஸ்?" என்று பளீலா பாவமாகக் கேட்டாள்.

ஐக்கியம் பிள்ளை இல்லை, விழா. ஆமி முகாமில் சேர்த்த ரெத்தத்தில் ஒரு பையை, எல்லாரும் பார்க்க, ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு ஏற்றப்போகிறார்கள். அதற்கென்று ஒரு ஐக்கியக் கட்டில். தலைக்கு மேலே பந்தல், காலில் ரிப்பன், புது மெத்தை. பிரதம அதிதியாகக் கொழும்பில் இருந்து ஒரு பிரதி அமைச்சர் வருகிறார். பிள்ளையைத் தெரிவு செய்தவர் அத்தியட்சகர். இந்து, ஏழை, அமைதியானவள், முறைப்பாடு செய்யாதவள். யோகாம்பாள்.

"சேர், அந்தப் பிள்ளைதான்..." என்று இழுத்தாள் மிஸ்.

"நீங்கள் கட்டிலில் ஒரு பிள்ளை இருக்கப் பாருங்கள். மற்றதை நான் பேச்சில் பார்த்துக்கொள்கிறேன்."

கமறியாவின் கட்டிலில் அன்றைக்கு இரண்டு காய்ச்சல் பிள்ளைகள் தலையும் காலும் மாறிக் கிடந்தார்கள். றோசமேரி மிஸ் கமறியாவைத் தூக்கிக்கொண்டுபோய் ஐக்கியக் கட்டிலில் கிடத்தினாள். இரக்கத்தால் செய்தாளா, கணக்குப் போட்டுச் செய்தாளா என்று தலவிலக் கோயில் அன்னம்மாளுக்குத்தான் வெளிச்சம்.

பின்னேரம் பள்ளிக்கூடப் பாண்ட் வாத்தியம் முன்னே வர, தாம்பாளத்தில் ரெத்தப் பை பின்னே வர, பிரதம அதிதி வாட்டுக்குள் வந்தார். பிள்ளைகளெல்லாம் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும் என்று உத்தரவு. பழகிய பிள்ளைகள், எந்தச் சிரிப்பு விருந்தாளியைக் கெதியாக அனுப்பும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

"இன்று இரத்தத்துக்குத் தட்டுப்பாடு என்று சிலர் குறை சொல்கிறார்கள்" என்று அதிதி முழங்கினார். "போதிய இரத்தம் இருந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடுவோம். அப்போது யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? இல்லாதபடியால்தான் ஒரு பிள்ளைக்குக் கொடுத்து எல்லாருக்கும் காட்டுகிறோம். இதுதான் எமது கொள்கை!"

கைதட்டல். பிறகு குனிந்து, கனிந்த குரலில் கேட்டார்: "எங்கே எமது மகள் யோகாம்பாள்?"

றோசமேரி மிஸ் நிலத்தைப் பார்த்தாள். அப்போது ஐக்கியக் கட்டிலில் இருந்து, கண் பாதி மூடியபடி, மூக்கால் ஒரு குரல் வந்தது.

"இருக்கிறன் ஐயா."

கமெராக்கள் மின்னின. சோதித்துப் பார்த்த ரெத்தம்தான், பிள்ளைக்கு ஒத்து வந்தது. சோதிக்கிறவள் பிள்ளையின் விரலில் குத்திப் பார்த்தாளே தவிரப் பெயரில் குத்திப் பார்க்கவில்லை. துளி துளியாக இறங்கத் தொடங்கியது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற பளீலா அல்ஹம்துலில்லாஹ் என்றாள். அடுத்த நிமிடமே யோகாம்பாளை நினைத்தாள். செத்த பிள்ளையின் பங்கைத் தன் பிள்ளை குடிக்கிறதே! கள்ளம் கபடம் தெரியாத பெண், நேரே அத்தியட்சகரின் அறைக்கு ஓடினாள்.

"ஐயா, அது யோகாம்பாள் இல்ல. என்ட மகள் கமறியா."

டொக்டர் கனகசுந்தரம் தேநீர்க் கோப்பையை மெதுவாக வைத்தார்.

"கமறியாவுக்கு இரத்தம் ஒதுக்கப்படவில்லையே. அப்படியென்றால் பையைக் கழற்ற வேண்டும். அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த இரத்தம்." மூக்குக் கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார். "அவசரப்படாமல் யோசித்துச் சொல்லுங்கள். நீங்கள் யார்?"

திறந்திருந்த கதவால் வாட்டுத் தெரிந்தது. பையில் அரைவாசி இன்னும் இறங்கவில்லை. கமறியாவின் நகங்கள் அப்போதுதான் கொஞ்சம் சிவக்கத் தொடங்கியிருந்தன.

"நான் செல்லாச்சி ஐயா" என்றாள் பளீலா.

"நல்லது. அம்மாவுக்கும் ஒரு சோடா கொடுங்கள்."

வீட்டுக்கு வந்து புருசனிடம் அழுதாள். ஹயாத்து முகம்மது கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். "பேரு கிடக்கட்டும். புள்ளைக்கு மூச்சு இரிக்கா, அதப் பாரு" என்றான். வேறு என்ன சொல்வான்?

அன்றிலிருந்து மாதா மாதம் ஐக்கியத்துக்கு ஒரு பை வந்தது. கமறியாவுக்கு ஒன்றும் வரவில்லை. பளீலா, செல்லாச்சியாகப் பாய் விரித்தாள், செல்லாச்சியாகப் பால்மா வாங்கினாள். பத்திரிகைக்காரர் வருகிற நாளில் அட்டெண்டன் பிள்ளையின் நெற்றியில் பொட்டு வைத்துவிடுவாள். பளீலா கலிமா சொல்லிக்கொண்டு அதைத் துடைக்கப் போனால், கமறியா கையைத் தட்டிவிடுவாள். "துடைக்காதீங்க உம்மா. அது என்ட இல்ல, யோகாட." அதைக் கேட்டுப் பளீலாவின் கை அந்தரத்தில் நின்றுவிடும்.

கமறியாவின் பெயரையும் காலையில் கூப்பிடத்தான் செய்தார்கள். அவள் பதில் சொல்லவில்லை, அவள்தான் யோகாம்பாளாயிற்றே. பக்கத்துக் கட்டில் சின்னப் பையன் மனுவேல், "லீவில இரிக்கன் மிஸ்" என்று அவளுக்காகக் குரல் கொடுத்தான். உயிரோடு இருந்த பிள்ளை லீவில் போய்விட, செத்த பிள்ளை கட்டிலில் கிடந்து பால் குடித்தது. ஒருநாள் அத்தியட்சகர் பளீலாவை நிறுத்திக் குறைப்பட்டுக்கொண்டார்.

"பள்ளிவாசல்துறையில் கமறியா என்று ஒரு பிள்ளை. மாதக்கணக்காக வரவில்லை. அதன் தாயைக் கண்டால் சொல்லுங்கள், பொறுப்பில்லாத பெண். உங்களைப் பார்த்துப் படிக்க வேண்டும்."

"சொல்றன் ஐயா" என்றாள் பளீலா.

வருடம் திரும்பியது. ஐக்கியக் கட்டிலின் ஆண்டு விழா. விழா பின்னேரம், விடிந்ததும் பையைக் கொழுவிவிட்டார்கள், விருந்தாளி வரும்போது பிள்ளை கன்னம் சிவந்து இருக்க வேண்டுமாம். கமறியா தூங்கிப் போயிருந்தாள். பளீலா நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் செல்லாச்சி நின்றாள்.

ஆள் பாதியாகியிருந்தாள். கையில் பத்திரிகைத் துண்டு ஒன்றும் இல்லை, சண்டைக்கு வந்த கோலமும் இல்லை. பளீலா எழும்பி நின்றாள்.

"துண்டு வெட்ட வந்தனான் பளீலா" என்றாள் செல்லாச்சி. "அவள் ஒவ்வொரு நாளும் கனவில வாறாள். வாசலில நிக்கிறாள், உள்ள வாறாளில்ல. ஏன் பிள்ளை எண்டு கேட்டா வாயத் திறக்கிறாள், சத்தம் வருகுதில்ல. செத்த அண்டைக்கும் அப்பிடித்தான். என்ட பிள்ளை கடைசியா 'அம்மா' எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்ல. பிறகுதான் எனக்கு விளங்கினது. அவட குரல் இங்க கிடக்கு. இவங்க அவள மறிச்சு வச்சிருக்கிறாங்க. துண்டு வெட்டினாத்தான் அவள் போவாள்."

"ராத்தா..." என்று அக்கா முறை சொல்லிக் கூப்பிட்டாள் பளீலா. "யோகாட பேரிலதான் இவளுக்கு ரெத்தம் ஏத்துறாங்க. துண்டு வெட்டினா..." சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

செல்லாச்சி கட்டிலுக்குக் கிட்ட வந்தாள். தூங்குகிற பிள்ளையைப் பார்த்தாள். நெற்றியில் பொட்டு. மெதுவாக விரலை நீட்டிக் கமறியாவின் தொண்டைக்குழிக்கு நேரே கொண்டுபோனாள். குரலைத் திரும்ப எடுக்கிற விரல் அது. பளீலா தடுக்கவில்லை. எந்த நியாயத்தைச் சொல்லித் தடுப்பது?

கமறியா கண்ணைத் திறந்தாள்.

"யோகாட அம்மா" என்றாள். "எனக்குத் தெரியும். யோகா மவுத்தாப் போயிட்டா. மனுவேலுக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். உம்மாக்குத்தான் தெரியா எண்டு நாங்க சொல்லல்ல."

விரல் அப்படியே நின்றது. பிறகு இறங்கி, ஊசி குத்தியிருந்த கையின் பிளாஸ்டரை ஓரமாகச் சரிசெய்தது.

அந்த நேரம் பார்த்து டொக்டர் கனகசுந்தரம் பந்தலைப் பார்வையிட வந்தார்.

"யார் இந்த அம்மா? விழா நாளில் வெளியாட்களை ஏன் விட்டீர்கள்? யோகாம்பாளின் தாய் இதோ இருக்கிறார். நீங்கள் யார்?"

செல்லாச்சி அவரைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள்.

"நான் பள்ளிவாசல்துறை ஐயா" என்றாள். "கமறியாட தாய்."

"ஓ! நீங்கள்தானா அது?" அத்தியட்சகரின் குரல் உயர்ந்தது. "வெட்கமாக இல்லை? ஒரு வருடமாகப் பிள்ளையைக் கொண்டுவரவில்லை. அதற்கு என்ன நடந்தது என்றாவது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் ஐயா" என்றாள் செல்லாச்சி. "லீவில இருக்கிறாள்."

"சரி, லீவென்றால் ஒன்றும் செய்ய முடியாது" என்று அவர் சமாதானமாகி ரிப்பனைக் கவனிக்கப் போனார். பின்னேரம் ஆறாவது கேடயம் வந்தது. அலுமாரியில் இடமில்லாமல் அதை மருந்து வைக்கிற தட்டில் வைத்தார்கள்.

விழா முடிந்து மூவரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். உடப்புக்குப் போகிறவளும் பள்ளிவாசல்துறைக்குப் போகிறவளும் சந்திவரை ஒரே வழிதான். கமறியா நடுவில், ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள்.

"துண்டு இப்ப வெட்டேல்ல" என்றாள் செல்லாச்சி. "உன்ட பிள்ளைக்குச் சொந்தமா ரெத்தம் ஊறுற வரைக்கும் என்ட பிள்ளை மறிபட்டுக் கிடக்கட்டும். பிறகு வந்து வெட்டுவம். எப்ப ஊறும் எண்டு டொக்டர் சொன்னவ?"

இளம் டொக்டர் பிள்ளையைப் போல பளீலாவுக்கும் பொய் சொல்ல வராது. செல்லாச்சியின் கையைப் பிடித்தாள். செல்லாச்சியும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

சென்றிப் பொயிண்டில் பஸ் நின்றது. ஆமிக்காரன் ஒருவன் ஏறினான். செல்லாச்சியை வழக்கம்போல இறங்கச் சொன்னான். பளீலாவின் முக்காட்டைப் பார்த்துவிட்டு விட்டான். பிறகு, கையில் பிளாஸ்டரோடு இருந்த பிள்ளையைக் கண்டு, அவனுக்கும் ஊரில் ஒரு பிள்ளை இருக்குமோ என்னவோ, சிரித்துக்கொண்டு சிங்களத்தில் பெயர் கேட்டான்.

"நம மொகத, பபா?"

பெயர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வருடமாகப் பழக்கியிருந்தார்கள்.

"யோகாம்பாள்" என்றாள் கமறியா.

அவனுடைய சிரிப்பு நின்றது. அவளுடைய நெற்றிப் பொட்டைப் பார்த்தான், பளீலாவின் முக்காட்டைப் பார்த்தான். "பஹின்ன" என்று கையைக் காட்டினான். மூவரும் இறங்கினார்கள். அதே வெயில், அதே வரிசை, அதே பூவரச மரம். செல்லாச்சியின் கால் அந்த இடத்தில் வந்து தானாக நின்றுவிட்டது. முன்னால் தடை மரம். அதற்கு அப்பால் பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

வரிசை நகர்ந்தது. பிள்ளையும் நகர்ந்தது. காலையில் ஏறிய ரெத்தம் உடம்பில் ஓட, யாருடைய கையையும் பிடிக்காமல், தடை மரத்துக்குக் கீழால் குனிந்து அந்தப் பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தது.

"தாண்டிட்டாள்" என்றாள் செல்லாச்சி. தெருப் புழுதியில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதாள். "பாத்தியா பளீலா, என்ட பிள்ளை தாண்டிட்டாள்!"

சந்தியில் செல்லாச்சி இறங்கிப் போனாள். போகும்போது பிள்ளையின் கன்னத்தைத் தடவி, "அடுத்த மாசம் வாறன் என்ன" என்றாள். பிள்ளை தலையாட்டியது. பஸ் திரும்பிக் கடற்கரைத் தெருவில் ஓடியது. உப்பளக் காற்று முகத்தில் அடித்தது. ஊர் எல்லை வந்துவிட்டது, இனி யாரும் கேட்கப்போவதில்லை. பளீலா தன் முந்தானையில் எச்சில் தொட்டுப் பிள்ளையின் நெற்றியைத் துடைத்தாள். பிள்ளை தடுக்கவில்லை, அவளுடைய மடியில் தலையை வைத்துக் கண்ணை மூடியிருந்தது.

"கமறியா" என்று கூப்பிட்டாள்.

பதில் இல்லை.

"கமறியா, உம்மாடா."

மடியில் இருந்து, கண்ணைத் திறக்காமல், கொஞ்சம் மூக்கால் குரல் வந்தது.

"லீவில இருக்கிறாள் அம்மா."